நிகழ்தகவும் எட்டு மணி பஸ்ஸும்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலை போகும் பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் மடியில் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகம். விசாரித்தேன். மலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். கோமுகி அணை தாண்டி வண்டி வளைந்து ஏற ஆரம்பித்ததும், பேச்சு புத்தகத்தின் கடைசி அத்தியாயத்துக்கு வந்தது. புள்ளியியலும் நிகழ்தகவும்.

'சீட்டுக்கட்டுல ராஜா எத்தனைன்னு கேட்டேன் சார். பசங்க எல்லாம் முழிக்கிறாங்க. ஒருத்தன் மட்டும் டக்குனு நாலுன்னான். மொத்த கிளாஸும் அவனைத் திரும்பிப் பாக்குது. அவங்கப்பா சீட்டாடுறவர்னு ஊருக்கே தெரியும். அதுக்கப்புறம் அந்தப் பையன் இந்தப் பாடத்துல வாயே திறக்கலை.'

இதைக் கேட்ட பிறகு வீட்டுக்கு வந்து ஒன்பது, பத்து இரண்டு புத்தகங்களையும் வாங்கி அந்த அத்தியாயங்களை மட்டும் படித்தேன். நீங்களும் ஒருமுறை படித்துப் பாருங்கள். பிள்ளையைத் திட்டுவதற்கு முன்னால் அவன் என்ன படிக்கிறான் என்று தெரிந்துகொள்வது நல்லது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். 2018-ல் ஒன்பதாம் வகுப்புக்கும் 2019-ல் பத்தாம் வகுப்புக்கும் வந்த இந்தப் புத்தகங்கள், நான் படித்த காலத்துப் பழுப்புக் காகிதப் புத்தகங்களைவிட எவ்வளவோ மேல். ஒன்பதாம் வகுப்பில் நிகழ்தகவுக்கு இரண்டு வழி சொல்கிறார்கள். ஒன்று, உட்கார்ந்த இடத்தில் யோசித்துச் சொல்வது: பகடைக்கு ஆறு முகம், அதனால் நாலு விழ ஆறில் ஒன்று. இன்னொன்று, போட்டுப் பார்த்து எண்ணிச் சொல்வது. அதற்குப் பட்டறி நிகழ்தகவு என்று பெயர். பட்டு அறிவது. அழகான தமிழ்.

பத்தாம் வகுப்பு வந்ததும் பட்டறிவது போய்விடுகிறது. நாணயம், பகடை, சீட்டு, பையில் கலர் பந்து. கூறுவெளி எழுது, மேலே ஒரு எண், கீழே ஒரு எண், வகு, மார்க் வாங்கு. இந்த வகுத்தல் செல்ல ஒரு நிபந்தனை உண்டு. எல்லா விளைவுகளுக்கும் சம வாய்ப்பு இருக்க வேண்டும். புத்தகம் அதைச் சொல்லிவிடுகிறது. ஆனால் சம வாய்ப்பு இருக்கிறதா என்று பையன் சந்தேகப்படுவதற்கு ஒரு கணக்குகூட என் கண்ணில் படவில்லை. நாணயம் எப்போதும் சீரானது. சீட்டு எப்போதும் நன்றாகக் கலைக்கப்பட்டது. உலகத்தில் நல்லவர்கள் மட்டும் இருக்கிறார்கள்.

நிஜ உலகம் அப்படி இல்லை. ஓர் உதாரணம். ஒரு வகுப்பில் 23 பேர் இருந்தால், யாராவது இரண்டு பேருக்குப் பிறந்தநாள் ஒன்றாக இருக்க ஏறக்குறைய 50 சதவீத வாய்ப்பு. 40 பேர் என்றால் 89 சதவீதம். நம்பக் கஷ்டமாக இருக்கும். 40 பேரில் ஜோடி சேர்க்க 780 வழி இருக்கிறது என்பதை யோசித்தால் நம்பலாம். வாத்தியாரிடம் சொன்னேன். சிரித்தார்.

'பசங்களை விடுங்க. அவங்க அப்பாமாருங்க ஆதாரை வாங்கிப் பாருங்க. பாதிப் பேர் ஜூன்ல பிறந்தவங்களா இருப்பாங்க. வீட்ல பிறந்தவங்க, தேதி யாருக்குத் தெரியும்? பள்ளிக்கூடத்துல சேக்குறப்ப அஞ்சு வயசு முடிஞ்ச மாதிரி வாத்தியார் ஒரு தேதி போட்டுடுவார்.'

வருடத்தின் 365 நாளுக்கும் சம வாய்ப்பு என்ற அனுமானம் அங்கேயே காலி. அப்போது விடை என்ன ஆகும்? ஜோடி பொருந்தும் வாய்ப்பு கூடும், குறையாது. ஏன் என்று யோசியுங்கள். இது பத்தாம் வகுப்புப் பையனுக்குப் புரியாத கணக்கா? அவன் வீட்டு பீரோவிலேயே டேட்டா இருக்கிறது.

சூதாட்டத்தை வைத்துச் சொல்லிக்கொடுப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. இந்தக் கணக்கு பிறந்ததே அங்கேதான். 1654-ல் பாஸ்கலும் ஃபெர்மாவும், பாதியில் நின்ற ஆட்டத்தில் பந்தயப் பணத்தை எப்படிப் பிரிப்பது என்று கடிதம் எழுதிக்கொண்டார்கள். நம்மூரில் அதற்கு வெகுகாலம் முன்பே நளன் கதை. இருதுபன்னன் தேரில் போய்க்கொண்டே ஒரு தான்றி மரத்தில் இலை எத்தனை, காய் எத்தனை என்று சொல்கிறான். நளன் இறங்கி எண்ணிப் பார்க்கிறான். சரியாக இருக்கிறது. பிறகுதான் அவனிடம் சூது வித்தையைக் கற்றுக்கொள்கிறான். எண்ணத் தெரிந்தவனுக்கே பகடையும் தெரியும் என்று கதை சொன்னவருக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அந்தக் காலத்துப் பகடையே தான்றிக்காய்தான்.

சீட்டைக் காட்டினால் முழுசாகக் காட்ட வேண்டும் என்பதுதான் என் கட்சி. 2003-ல் லாட்டரியைத் தடை செய்த மாநிலம் இது. ஆன்லைன் சூதாட்டத்துக்கு எதிராக 2022-ல் சட்டம் போட்டது. 2025-ல் மத்திய அரசும் காசு வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்குத் தடை கொண்டுவந்தது. இத்தனை சட்டத்துக்கும் காரணமான ஒரு விஷயம், நூறு ரூபாய் போட்டால் சராசரியாக எவ்வளவு திரும்பி வரும் என்ற கணக்கு, பத்தாம் வகுப்பில் இல்லை. எதிர்பார்ப்பு என்ற பெயரில் அது பன்னிரண்டாம் வகுப்புக்குக் காத்திருக்கிறது. அதற்குள் பாதிப் பிள்ளைகள் கணக்கை விட்டுவிடுகிறார்கள். ராஜா எத்தனை என்று தெரிந்து, கடைசியில் யார் ஜெயிப்பார் என்று தெரியாமல் வெளியே போகிறார்கள்.

இனி கொஞ்சம் கஷ்டமான விஷயம்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கணக்குத் தெரிந்திருந்தால் குடித்திருக்க மாட்டார்கள் என்று சொல்கிறவனை நான் பக்கத்தில் சேர்க்க மாட்டேன். ஆனால் இதில் இரண்டு நிகழ்தகவுப் பாடங்கள் இருக்கின்றன.

ஒன்று: 'இத்தனை நாளா குடிக்கிறேன், எனக்கு ஒண்ணும் ஆகலையே.' ஒரு பேச்சுக்கு, ஒரு பாக்கெட்டில் விஷம் இருக்கும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்று என்று வையுங்கள். வருஷத்துக்கு 300 பாக்கெட், பத்து வருஷம். மொத்தம் 3,000. ஒருமுறையாவது விஷம் கிடைக்கும் வாய்ப்பு 26 சதவீதம். நாலில் ஒன்றுக்கும் மேல். நேற்று ஒன்றும் ஆகாதது இன்றைக்கு உத்தரவாதம் இல்லை. 'குறைந்தது ஒரு தலை விழ' என்று புத்தகத்தில் வருகிற அதே வகைக் கணக்குதான் இது. மூன்று நாணயத்தோடு நிறுத்திவிடுகிறார்கள்.

இரண்டு: பாக்கெட்டுகள் நாணயங்கள் அல்ல. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பாக்கெட்டுகள் என்றால், ஒரே ராத்திரியில் ஒரே தெருவில் இரண்டு பேருக்கு விஷம் கிடைப்பதே பத்துக் கோடியில் ஒன்று. நடந்ததோ தெருவே ஆஸ்பத்திரியில். ஏனென்றால் சரக்கு ஒரே இடத்தில் கலந்து வந்தது. ஒன்று கெட்டால் எல்லாம் கெட்டது. சார்பிலா நிகழ்ச்சி என்றால் என்ன என்பது பதினொன்றாம் வகுப்பில்தான், அதுவும் கணக்கு எடுத்தவனுக்குத்தான் வருகிறது. இதில் பரீட்சை எழுத வேண்டியவர்கள் குடித்தவர்கள் அல்ல, ஆபீசர்கள். அதற்கு முந்தைய வருடம், 2023 மே மாதம், மரக்காணம் பக்கத்திலும் செங்கல்பட்டிலும் இதே மெத்தனால் இருபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றிருந்தது. புதுத் தகவல் வந்தால் பழைய வாய்ப்பைத் திருத்திக்கொள்ள வேண்டும். நிகழ்தகவின் சாரமே அதுதான்.

வாத்தியாருக்கு இன்னொரு வருத்தம். 'வெளியூர்ல கல்வராயன் மலைன்னு சொன்னா, சாராயமான்னு கேக்குறாங்க சார். காலேஜ் சேரப் போற புள்ளைகிட்ட கேக்குறாங்க.' காய்ச்சிப் பிடிபட்டவர்களில் பலர் மலைக்காரர்கள் என்பது ஒரு வாக்கியம். மலைக்காரர்களில் பலர் காய்ச்சுகிறார்கள் என்பது வேறு வாக்கியம். முதலாவதிலிருந்து இரண்டாவது வராது. மரவள்ளியும் சாமையும் போட்டுப் பிழைக்கிற ஆயிரக்கணக்கான மலையாளிப் பழங்குடிக் குடும்பங்கள் கீழே உள்ள எண்ணில் இருக்கின்றன. அந்தக் கீழே உள்ள எண்ணை மறப்பதுதான் அவதூறு. இந்த ஒரு கணக்கை எல்லாப் பள்ளியிலும் வைத்தால் ஊர்ப் பெயர், ஜாதிப் பெயர் சொல்லி ஆளை எடைபோடும் பழக்கம் கொஞ்சம் குறையும்.

நிகழ்தகவில் நாம் சோடை போனவர்கள் அல்ல. சென்னையில் பிறந்து பிரசிடென்ஸி காலேஜில் படித்த எஸ்.ஆர். ஸ்ரீனிவாச வரதன், 2007-ல் கணிதத்தின் ஆபெல் பரிசை வாங்கியது இதற்காகத்தான். அவருடைய துறை என்ன தெரியுமா? மிக அபூர்வமாக நடப்பவை எவ்வளவு அபூர்வம் என்று அளப்பது. அப்பா பள்ளிக்கூட வாத்தியார்.

அதனால் வாத்தியார்களை நம்புகிறேன். நம்ம பஸ் வாத்தியார் சீட்டுக்கட்டை மூடிவிட்டு ஒரு நோட்டு போட்டாராம். காலை எட்டு மணி பஸ் வந்ததா இல்லையா என்று பிள்ளைகள் 30 நாள் எழுத வேண்டும். 21 நாள் வந்தது. 70 சதவீதம். போர்டில் எழுதியாயிற்று. அப்போது ஒரு குரல்: 'சார், மழை நாளைத் தனியா எண்ணணும்.'

மழை பெய்த நாள் 8. அதில் வந்தது ஒரே நாள். மழை இல்லாத 22 நாளில் 20 நாள் வந்திருக்கிறது. 70 என்ற எண் யாருக்கும் உதவாது என்று பையன் கண்டுபிடித்துவிட்டான். மேகத்தைப் பார்த்து, நடப்பதா நிற்பதா என்று முடிவு பண்ணலாம். பதினொன்றாம் வகுப்புப் பாடம், பெயர் தெரியாமலே வந்துவிட்டது.

'யார் சார் அந்தப் பையன்?' என்று கேட்டேன்.

'ராஜா நாலுன்னு சொன்னானே, அவன்தான்.'