கம்பெனி கைவிட்ட ஹேண்ட்ஃபோன் கம்பீரமாக ஓடுகிறது

2018 ஆகஸ்டில் வெளிவந்த போக்கோ எஃப்1 இன்னும் என் அன்றாட ஹேண்ட்ஃபோன். வாங்கியபோது அதில் இருந்தது ஆண்ட்ராய்டு 8.1. கம்பெனி ஆண்ட்ராய்டு 10 வரை ஏற்றிக் கொடுத்துவிட்டு அதோடு கணக்கை முடித்துக்கொண்டது. இன்று அதில் ஓடுவது லினேஜ் ஓஎஸ் 22, அதாவது ஆண்ட்ராய்டு 15. தொங்குவதில்லை, தானாக அணைந்து எரிவதில்லை. நடுவில் பேட்டரி மட்டும் புதிதாக மாற்றினேன். காலையில் கிளம்பினால் ராத்திரி வீடு திரும்பும்வரை தாங்குகிறது. இப்படிப்பட்ட ஒரு பொருளைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

எங்கள் ஊர் புக்கிட் ரம்பாயில் யாரிடம் கஸ்டம் ரோம் (கம்பெனி கொடுத்ததற்குப் பதிலாக வெளியாட்கள் செய்து தரும் ஃபோன் சாப்ட்வேர்) என்று சொன்னாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "ரோசாக் ஆயிடாதா, கெட்டுப்போயிடாதா?" செங் பக்கம், தஞ்சோங் மின்யாக் பக்கம் ரிப்பேர் கடைகளில் கேட்டாலும் இதே பேச்சு. கம்பெனி கொடுத்த சாப்ட்வேர்தான் உறுதி, வெளியாட்கள் செய்தது ஆட்டம் காணும் என்பது ஊரறிந்த நம்பிக்கையாகிவிட்டது. அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும், அதற்கு ஒரு காலத்தில் நியாயமும் இருந்தது. ஸ்டீவ் கோண்டிக் 2009-ல் எச்டிசி ட்ரீம் ஃபோனுக்காகத் தொடங்கிய சயனோஜென்மோட் இந்த உலகத்தின் மூத்த பிள்ளைகளில் ஒன்று. அதில் 'நைட்லி' என்று ராத்திரிக்கு ராத்திரி ஒரு புதுப் பதிப்பு வரும். இன்று புளூடூத் வேலை செய்யும், நாளை செய்யாது. அதை ஏற்றிப் பார்த்தவர்கள்தான் "ரோம் என்றால் இப்படித்தான்" என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தார்கள்.

ஆனால் 2016 டிசம்பரில் சயனோஜென் கம்பெனி தன் சேவைகளை மூடியதும், அதே மாதத்தில் அந்த நிரலை எடுத்து லினேஜ் ஓஎஸ் என்று தொடர்ந்த ஆட்கள் விஷயத்தை வேறு மாதிரி நடத்துகிறார்கள். ஒரு மாடல் அவர்களுடைய அதிகாரப்பூர்வப் பட்டியலில் ஏற வேண்டுமென்றால் அழைப்பு, வைஃபை, புளூடூத், கேமரா, ஒலி என்று வன்பொருள் ஒவ்வொன்றும் ஒழுங்காக வேலை செய்தாக வேண்டும்; அதற்கு எழுதி வைத்த விதிமுறை இருக்கிறது. ஒவ்வொரு மாடலுக்கும் பெயர் சொல்லிப் பொறுப்பேற்ற பராமரிப்பாளர் உண்டு. அவர் விலகி, அந்த இடத்துக்கு வேறு யாரும் வராவிட்டால் அந்த மாடலுக்குப் புதுப் பதிப்பு வருவது நின்றுவிடும். சம்பளமில்லாமல் செய்கிற ஒரு வேலைக்கு இவ்வளவு கண்டிப்பா என்று நினைக்கும்போது எனக்கு இன்னும் மெய்சிலிர்க்கிறது.

உறுதி என்று நான் சொல்வது என்ன என்பதையும் விளக்கிவிடுகிறேன். பெட்டியிலிருந்து எடுத்த அன்று எல்லா ஃபோனும் பறக்கும். ஆறாம் வருஷம் எப்படி நிற்கிறது என்பதுதான் கேள்வி. கம்பெனி சாப்ட்வேர் விற்பனைக்காகச் செய்யப்படுவது. அடுத்த மாடல் வந்ததும் அதைச் செய்தவர்களை அடுத்த வேலைக்கு அனுப்பிவிடுவார்கள். செயலிகள் மட்டும் வருஷா வருஷம் பருத்துக்கொண்டே போகும். அடியில் இருக்கும் பழைய ஆண்ட்ராய்டு அந்தப் பாரத்தைத் தாங்காமல் திணறும். பிறகு "ஃபோன் பழசாகிடுச்சு" என்று எண்ணூறு, ஆயிரம் வெள்ளி கொடுத்து இன்னொன்று வாங்குவோம். உள்ளே இருக்கும், போக்கோவின் ஸ்னாப்டிராகன் 845 போன்ற சில்லில் எந்தக் குறையும் வந்திருக்காது!

லினேஜ் ஏற்றும்போது அந்தச் சில்லை இயக்கும் அடித்தளம் பெரும்பாலும் கம்பெனி கொடுத்ததேதான். லினக்ஸ் கெர்னல் ஜிபிஎல் உரிமத்தில் வருவதால், ஃபோனை விற்கிறவர்கள் அதன் மூலநிரலைத் தர வேண்டும். மோடம், கேமரா போன்றவற்றுக்கான மூடிய கோப்புகளை ஃபோனிலிருந்தே எடுத்துக்கொள்கிறார்கள். மேலே இருக்கிற சுமையைத்தான் தூக்கி எறிகிறார்கள். நாம் கேட்காத செயலிகள், இரண்டு கேலரி, இரண்டு பிரவுசர் எதுவும் கிடையாது. மிச்சமிருப்பது சுத்தமான ஆண்ட்ராய்டு. குறைவாக ஓடினால் குறைவாகத்தான் இடறும். கேட்க எளிமையாக இருக்கிறது, கையில் வைத்துப் பார்த்தால்தான் அதன் அருமை புரியும்.

எனக்கு அது புரிந்தது அலாரத்தில். தொழிற்சாலையில் காலை ஷிப்டு என்றால் பொழுது விடியுமுன் கம்பெனி பஸ் வந்துவிடும். அதைத் தவறவிட்டால் அன்றைய அலவன்ஸ் போச்சு. முன்பு நான் வைத்திருந்த ஒரு ஃபோன், எந்த மாடல் என்பது வேண்டாம், பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று பின்னணியில் இருக்கும் செயலிகளையெல்லாம் கொன்றுவிடும். நான் தனியாகப் போட்ட அலாரம் செயலியும் அதில் அடக்கம். ஆண்ட்ராய்டில் 6.0 முதலே 'டோஸ்' என்ற உறக்க முறை இருக்கிறது, ஆனால் அலாரக் கடிகாரத்துக்கு அதில் விலக்கு உண்டு: நேரம் வந்தால் ஃபோன் எழுந்தே தீரும். லினேஜ் அந்த ஒழுங்கை அப்படியே வைத்திருக்கிறது. அதற்கு மேல் சொந்தமாக ஒரு கொலைகாரனை உட்காரவைக்கவில்லை. போக்கோவில் லினேஜ் ஏறிய நாள் முதல் அலாரம் ஒருமுறைகூட என்னைக் கைவிட்டதில்லை. வாட்ஸ்அப் செய்தி திரையைத் தொட்ட பிறகுதான் வரும் என்கிற கதையும் கிடையாது.

செட்டிங்ஸில் ஃபோனைப் பற்றிய பக்கத்தில், கடைசியாக எரியவிட்ட பிறகு எவ்வளவு நேரம் ஓடியிருக்கிறது என்று ஒரு வரி இருக்கும். போய்ப் பாருங்கள். என்னுடையதில் அது பூஜ்யத்துக்குத் திரும்புவது நானாகப் புதுப்பிப்பு ஏற்றும்போது மட்டும்தான்.

ஏற்றுவது எப்படி என்று கேட்பவர்களுக்கு, அந்த அனுபவமே ஒரு தனி சுகம்! முதலில் ஃபோனை எழுப்பும் பூட்லோடரின் பூட்டைத் திறக்க வேண்டும். அப்போது ஃபோனில் இருக்கும் படம், கோப்பு எல்லாம் அழிந்துவிடும், ஆகவே முதலில் பேக்கப். ஃபோனை அணைத்து, ஒலி குறைக்கும் பட்டனையும் பவரையும் சேர்த்து அழுத்தினால் ஃபாஸ்ட்பூட் திரை வரும். கணினியிலிருந்து லினேஜ் ரெக்கவரியை அனுப்ப வேண்டும். பிறகு பவரோடு ஒலி கூட்டும் பட்டனை அழுத்தி ரெக்கவரிக்குள் போய், பழையதை அழித்து, சைடுலோடு மூலம் ரோமைத் தள்ள வேண்டும். அங்கேதான் புதியவர்கள் எல்லாரும் பயப்படும் இடம் வரும்: கணினித் திரையில் எண்ணிக்கை சில நேரம் 47 சதவீதத்துக்கு வந்து அப்படியே நின்றுவிடும். கேபிளைப் பிடுங்கிவிடாதீர்கள்! 47-ல் நின்றாலும் வேலை முடிந்திருக்கலாம் என்று லினேஜ்காரர்கள் தங்கள் வழிகாட்டியிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். ஃபோன் திரையைப் பாருங்கள், அங்கே முடிந்ததாகச் சொல்லும். ரீபூட் கொடுத்தால் ஒரு வளைகோட்டின் மேல் சின்ன வட்டம் ஓடும் லினேஜ் படம் வரும். முதல் முறை அது கொஞ்சம் நேரம் ஓடும். அந்த வட்டத்தைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் எனக்குப் புது ஃபோன் வாங்கிய சந்தோஷம்தான்.

தமிழர்களுக்கு இதில் தனியாக ஒரு கொடுப்பினை உண்டு. கைத்தொலைபேசியில் தமிழ் எழுத வழி தேடிக்கொண்டிருந்த காலத்தில், 2005-லேயே செல்லினத்தைக் கொண்டுவந்தவர் நம் மலேசியர் முத்து நெடுமாறன். எழுதுவது ஒரு பக்கம். ஃபோனின் மெனுவே தமிழில் வருவது இன்னொரு பக்கம். கூகுள் தமிழை ஆண்ட்ராய்டின் மொழிப் பட்டியலில் சேர்த்தது 5.0-ல், 2014-ல். 2011-ல் வந்த கேலக்ஸி எஸ்2-வின் அதிகாரப்பூர்வப் பயணம் 4.1.2-வோடு முடிந்துவிட்டது. ஆனால் லினேஜ் 14.1 அந்தப் பழைய எஸ்2-வுக்கும் வந்தது, ஆண்ட்ராய்டு 7.1-ஓடு! தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்து தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த என் அத்தையிடம் அந்த மாடல் இருந்தது. கூகுள் சேவைகளின் பாரத்தைப் போடாமல், ரோமை மட்டும் ஏற்றி, மொழியைத் தமிழுக்கு மாற்றிக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு 'அமைப்புகள்' என்பதை விரலால் தொட்டார்.

"டேய், இதெல்லாம் முன்னாடியே உள்ள இருந்துச்சா?"

"இல்ல அத்தே, இப்பதான் போட்டேன்."

"அப்ப கடைக்காரன் ஏன்டா போட்டுக் குடுக்கல?"

அத்தைக்கு நான் என்ன பதில் சொல்வது! அந்த எஸ்2 அவர் கையில் அதன் பிறகு நெடுநாள் உழைத்தது. எங்கே அழுத்தினால் என்ன வரும் என்று கேட்க அவர் யாரையும் தேடவில்லை.

அடுத்து நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை காலம். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டு, பிறகு பிடிபிஆர் என்று வீட்டிலிருந்தே பாடம் படிக்கும் நிலை வந்தபோது, மூன்று பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஒரு ஃபோன். அலமாரிகளில் தூங்கிக்கொண்டிருந்த பழைய செட்டுகளையெல்லாம் தேடினோம். அதில் தங்கம் என்றால் ரெட்மி நோட் 4. ஸ்னாப்டிராகன் 625 சில், 4100 எம்ஏஎச் பேட்டரி; கம்பெனி கொடுத்த கடைசி ஆண்ட்ராய்டு 7.0. லினேஜ் ஏற்றியதும் வகுப்பு வீடியோ ஒரு பக்கம், பாடப் படிவம் ஒரு பக்கம் என்று நாள் முழுக்க நின்றது. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். ரெட்மி நோட் 4 என்ற அதே பெயரில் இரண்டு ஃபோன் இருக்கிறது. ஸ்னாப்டிராகன் உள்ளதற்குக் குறிப்பெயர் 'மீடோ', மீடியாடெக் ஹீலியோ எக்ஸ்20 உள்ளதற்கு 'நிக்கல்'. ஒன்றின் ரோமை மற்றதில் ஏற்றக்கூடாது. பெட்டியில் போட்டிருக்கும் பெயரை நம்பாமல் குறிப்பெயரைப் பார்த்துத்தான் எதையும் தொட வேண்டும். ரோம் உறுதியில்லை என்று குறை சொல்கிற பலருடைய கதையைத் தோண்டினால், தப்பான கோப்பு, இல்லாவிட்டால் யாரோ எங்கேயோ ஒட்டுப்போட்டுச் செய்த அதிகாரப்பூர்வமற்ற பதிப்பு என்றுதான் முடியும்.

பாதுகாப்பைப் பற்றிக் கேட்பவர்களுக்கும் என்னிடம் சந்தோஷமான பதில் இருக்கிறது. 2015 ஆகஸ்டில் கூகுள் மாதாமாதம் பாதுகாப்புத் திருத்தங்களை வெளியிடத் தொடங்கியது. கம்பெனி கைவிட்ட ஃபோனுக்கு அவை வரவே வராது. லினேஜில் வருகின்றன. சில் தயாரிப்பாளர் கொடுத்த மூடிய கோப்புகளுக்கு மட்டும் வெளியாட்களால் திருத்தம் போட முடியாது, அதையும் அவர்கள் மறைப்பதில்லை. ஆண்ட்ராய்டின் திருத்தத் தேதி ஒரு வரியிலும் தயாரிப்பாளர் பகுதியின் தேதி இன்னொரு வரியிலும் தனித்தனியாகக் காட்டுகிறார்கள். இந்த நேர்மைக்காகவே நான் அவர்களை மதிக்கிறேன்.

கஷ்டங்களும் இருக்கின்றன. பூட்லோடர் திறந்த ஃபோனில் சில வங்கிச் செயலிகள் ஓட மறுக்கும். நான் வங்கி வேலையைப் பிரவுசரிலும் வீட்டில் இருக்கும் இன்னொரு ஃபோனிலும் பார்த்துக்கொள்கிறேன். கம்பெனி கேமரா செயலியின் வித்தைகள் சில போய்விடும். அழைப்பைப் பற்றி முக்கியமாகச் சொல்ல வேண்டும். நம் நாட்டில் 2021 முடிவோடு 3ஜி நிறுத்தப்பட்டதால், தெளிவான அழைப்புக்கு 4ஜி வழியே பேசும் வோல்ட்டி வேண்டும். குவால்காம் சில் உள்ள பல ஃபோன்களில் லினேஜிலும் அது வேலை செய்கிறது, என் போக்கோவில் குரல் மணிபோல் கேட்கிறது. சாம்சங் அதைத் தன் சொந்த முறையில் செய்திருப்பதால் அந்த ஃபோன்களில் பொதுவாகக் கிடைக்காது. ரோம் ஏற்றுவதற்காகவே பழைய ஃபோன் வாங்குகிறவர்கள் இதை முதலில் பார்க்க வேண்டும்.

கம்பெனிகளும் மாறி வருகின்றன. 2023-ல் பிக்சல் 8-க்கு கூகுள் ஏழு வருஷப் புதுப்பிப்பு என்றது. 2024-ல் கேலக்ஸி எஸ்24-க்கு சாம்சங்கும் அதையே சொன்னது. நல்லது! பழைய ஃபோனும் ஓடும் என்று தன்னார்வலர்கள் இத்தனை வருஷம் செய்து காட்டியதற்கு இதில் பங்கு உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆனால் அந்த ஏழு வருஷ வாக்குறுதி பெரும்பாலும் விலை உயர்ந்த ஃபோன்களுக்குத்தான். எங்கள் லைனில் வேலை செய்கிறவர்கள் பையில் இருப்பது ஐந்நூறு, அறுநூறு வெள்ளி ஃபோன். அதற்கு லினேஜ் மாதிரி ஒன்று இருந்தால்தான் கதி.

ஆகவே அடுத்து ஃபோன் வாங்கப் போகிறவர்கள், லோ யாட் பிளாசா வரை போனாலும் சரி, பசார் மாலாமில் செகண்ட் ஹேண்ட் பார்த்தாலும் சரி, மெகாபிக்சலைக் கேட்பதற்கு முன் மூன்று விஷயம் பாருங்கள். பூட்லோடரைத் திறக்க அந்தக் கம்பெனி விடுகிறதா? லினேஜின் பட்டியலில் அந்தக் குறிப்பெயர் இருக்கிறதா? சில் குவால்காமா, வோல்ட்டி வேலை செய்கிறதா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். வீட்டு அலமாரியில் அப்படி ஒன்று ஏற்கெனவே கிடந்தால், ஷிப்டு இல்லாத ஞாயிற்றுக்கிழமையில் புக்கிட் ரம்பாய்க்குக் கொண்டு வாருங்கள், உட்கார்ந்து ஏற்றிவிடலாம். படங்களை முதலிலேயே வேறு இடத்தில் எடுத்து வைத்துவிடுங்கள். நல்ல கேபிள் என்னிடம் இருக்கிறது.