தூணும் முற்றமும்

பழைய ஹோட்டல்களின் அழகை வீட்டுக்குள் கொண்டுவரும் வழக்கம் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் உண்டு. தமிழ்நாட்டில் பெரும்பாலும் பொருள் வீட்டுக்கு வருகிறது. இலங்கையில் இட அமைப்பு வருகிறது.

தமிழ்நாட்டில் முன்மாதிரி செட்டிநாடு. காரைக்குடியின் பங்களா, கானாடுகாத்தானின் விசாலம் ஆகிய ஹோட்டல்கள் இரண்டும் நகரத்தார் குடும்பங்கள் தங்கள் புழக்கத்துக்குக் கட்டியவை. பிற்காலத்தில்தான் விருந்தினருக்குத் திறந்துவிடப்பட்டன. அங்கே தங்குபவரின் கண் தேக்குத் தூணிலும் செதுக்கிய நிலையிலும் ஆத்தங்குடித் தரைக்கல்லிலும் நிற்கிறது. இடித்த வீடுகளின் தூணும் கதவும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் விலைக்குக் கிடைப்பதால், அவற்றை வாங்கிவருவதும் எளிது.

இவற்றில் புது வீட்டுக்கு நன்றாகப் பொருந்துவது ஆத்தங்குடிக் கல்தான். கண்ணாடிப் பலகைமேல் இரும்புச் சட்டத்தை வைத்து, பூ அச்சின் அறைகளில் வண்ணச் சிமென்ட் குழம்பைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். அச்சை எடுத்ததும் உலர்ந்த சிமென்ட் மணலைத் தூவி, மேலே சாந்தை அழுத்தி, காயவைத்துத் தண்ணீரில் ஊறப்போடுகிறார்கள். சூளையில் சுடுவதில்லை; பளபளப்பு கண்ணாடி தந்தது. கால் படப்பட மெருகு ஏறும். ஆசிட் ஊற்றிக் கழுவினால் நிறம் போய்விடும். தூணின் கதை வேறு. செட்டிநாட்டு வீட்டின் முற்றத்தைச் சுற்றிய வளவில் கூரையைத் தாங்கிய தூண், அடுக்குமாடி வீட்டில் எதையும் தாங்காமல் டிவிக்குப் பக்கத்தில் நிற்கிறது.

இலங்கையில் பழைய ஹோட்டல் என்றால் காலனியக் கட்டடம்: 1864இல் தொடங்கிய கொழும்பு காலி முகத்திடல் ஹோட்டல், காலிக் கோட்டைக்குள் நியூ ஓரியண்டலாக இருந்து அமன்கல்ல ஆன ஒல்லாந்தர் காலக் கட்டடம். உயர்ந்த கூரை, நீண்ட விறாந்தை, பிரம்பு பின்னிய கதிரை என்ற இந்த மரபைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா (1919–2003) புதிய ஹோட்டல்களுக்கு ஏற்ப மாற்றினார். அவர் வடிவமைத்து 1969இல் முடிந்த பெந்தோட்டை பீச் ஹோட்டலில், பத்திக் கலைஞர் எனா டி சில்வாவின் துணிகள் வரவேற்புக் கூடத்தின் உட்கூரையாயின. பாவாவின் வழி வந்த வீடுகளில் அலங்காரம் குறைவு: மெருகிட்ட சிமெந்துத் தரை, வெள்ளைச் சுவர், அறைகளுக்கு நடுவே முற்றம். நடு முற்றத்தைச் சுற்றிக் கட்டிய யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டை அறிந்தவர்களுக்கு அந்த முற்றம் புதிதல்ல.

இடம் குறைந்தால் இம்முறை தோற்கும் என்பதற்கில்லை. கொழும்பு 33ஆம் லேனில் வரிசையாக நின்ற நான்கு சிறு வீடுகளை ஒவ்வொன்றாக வாங்கி ஒரே வீடாக்கிய பாவா, இடையிடையே வானம் பார்த்த சிறு முற்றங்களை விட்டார். அங்கே செட்டிநாட்டுத் தூண்களும் உண்டு. இட அமைப்போடு சேர்ந்தே நிற்பதால் அவை ஒட்டாமல் தெரிவதில்லை.

முற்றத்துக்கும் விலை உண்டு. சாரல் உள்ளே அடிக்கும், கொசு வரும், நீர் வடிய வாட்டம் வேண்டும். இதற்கு அஞ்சி மேலே கண்ணாடி போட்டு மூடினால் வெளிச்சம் மிஞ்சும். சூடான காற்று வெளியேற வழி இருக்காது. அடுக்குமாடியில் முற்றத்துக்கு வழியில்லை என்றால், பால்கனியை அடைத்து அறையாக்காமல் விறாந்தையாகவே விட்டு, ஒரு சாய்வு நாற்காலி போடலாம்.