வெள்ளைப் பட்டையிலிருந்து தொடங்குங்கள்

உப்புத் தண்ணீர் வரும் வீடுகளில் பிளாஸ்டிக் வாளியைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் நிற்கும் மட்டம் வரை உள்பக்கம் வெள்ளை படிந்திருக்கும். எவ்வளவு தேய்த்தாலும் போகாது. அமெரிக்காவின் பாலைநிலத்தில் இருக்கும் பவல் ஏரியைப் பார்த்தால் அந்த வாளிதான் ஞாபகம் வரும். செக்கச்செவேலென்று மணற்பாறைச் சுவர்கள். அவற்றின் அடியில், தண்ணீருக்கு மேலே நூறடிக்குக் குறையாமல், சுண்ணாம்பு அடித்ததுபோல ஒரு வெள்ளைப் பட்டை. படம் எடுப்பவர்கள் பலர் அதை ஒதுக்கிவிட்டு எடுப்பார்கள். நீங்கள் அதிலிருந்தே தொடங்குங்கள்.

அரிசோனா மாநிலத்தில், யூட்டா எல்லையை ஒட்டி, கொலராடோ ஆற்றின் குறுக்கே நிற்கிறது 710 அடி உயரமான கிளென் கேன்யன் அணை. 1963இல் அதன் பின்னால் இந்த ஏரியைத் தேக்கத் தொடங்கினார்கள். கடல்மட்டத்திலிருந்து 3,700 அடி என்ற முழு மட்டத்தைத் தொட 1980 ஆகிவிட்டது. 1983இல் வந்த வெள்ளத்தில் அணை தளும்பியபோது, உபரிநீர் மதகுகளின் தலைமேல் பிளைவுட் பலகைகளை நிறுத்திச் சமாளித்தார்கள். அதே ஏரி 2023 தொடக்கத்தில் ஏறத்தாழ 3,520 அடிக்கு இறங்கியது. நீண்ட வறட்சியும் வரவுக்கு மீறிய செலவுமே காரணம். தண்ணீர் இறங்க இறங்க, அதிலிருந்த சுண்ணாம்புச் சத்து பாறையில் தங்கிவிட்டது.

படகில்

முழுக்க நிரம்பினால் ஏரியின் நீளம் 186 மைல். தொண்ணூறுக்கும் மேற்பட்ட கிளைப் பள்ளத்தாக்குகள் விரல் விரலாகப் பிரிகின்றன. பேஜ் ஊரை ஒட்டிய வாவீப் படகுத்துறையில் வாடகைப் படகும், சமையலறையோடு கூடிய வீட்டுப் படகும் கிடைக்கும். பெரிய நீர்ப்பரப்பில் வேகமாகப் போவதில் சுகம் உண்டுதான். ஆனால் ஏதாவது ஒரு கிளைக்குள் நுழைந்து, சுவர்கள் நெருங்கி வரும் இடத்தில் எஞ்சினை நிறுத்திப் பாருங்கள். அண்ணாந்தால் பாறையில் கரும்பட்டைகள் வழிந்திருக்கும். இரும்பும் மாங்கனீசும் பல நூறு, பல ஆயிரம் ஆண்டுகளாகப் படிந்து பூசிய மெருகு அது. கீழே இருக்கும் வெள்ளைக்கு வயது சில பத்தாண்டுகள்தான். மேலே இருப்பது மழையின் கையெழுத்து, கீழே இருப்பது அணையின் கையெழுத்து. இரண்டையும் ஒரே பார்வையில் படிக்கத் தெரிந்துவிட்டால் ஏரி பிடிபட்டுவிடும்.

உள்நாட்டுப் போரில் ஒரு கையை இழந்த ஜான் வெஸ்லி பவல், 1869இல் துடுப்புப் படகுகளில் இந்த ஆற்றோடு இறங்கியவர். கிளென் கேன்யன் என்ற பெயர் அவர் குழு வைத்தது. அந்தப் பள்ளத்தாக்கை மூழ்கடித்த ஏரிக்கே அவர் பெயர் வாய்த்தது.

290 அடி உயரத்தில் கல்லாலான வானவில்போல வளைந்து நிற்கும் ரெயின்போ பிரிட்ஜுக்கும் படகில் போகலாம். நவஹோ மக்களுக்கும் மற்றப் பூர்வகுடிகளுக்கும் அது புனிதத்தலம். வளைவுக்கு அடியில் போகாமல் தள்ளி நின்று பார்ப்பதே மரியாதை.

தூண்டிலில்

இங்கே பலர் தேடுவது ஸ்ட்ரைப்ட் பாஸ். வெள்ளி உடம்பில் நீளவாக்கில் கருங்கோடுகள் ஓடும். கடலில் வளர்ந்து ஆற்றில் ஏறி முட்டையிடும் இனம். 1970களில் கொண்டுவந்து விட்டார்கள், பெருகிவிட்டது. எத்தனை வேண்டுமானாலும் பிடிக்கலாம், ஆனால் உரிமம் கட்டாயம். இரை என்ன தெரியுமா? நம் நெத்திலியின் உறவுக்காரன் ஆன்சோவிதான். உறைந்த மீனை மூன்று துண்டாக நறுக்கி, ஒன்றை முள்ளில் கோத்து, சுவரோரம் ஆழத்துக்கு இறக்குவார்கள். கூட்டத்தை இழுக்கச் சில துண்டுகளைச் சும்மாவும் வீசுவார்கள். ஒன்று கடித்தால் கூட்டமே கீழே இருக்கிறது என்று அர்த்தம். பேச்சை நிறுத்திவிட்டுத் தூண்டிலைப் போடுங்கள்.

கரையில்

பெரும்பாலான இடங்களில் பிடித்த மணல்திட்டில் படகை ஏற்றிக் கூடாரம் போட்டுக்கொள்ளலாம். எடுத்துப்போகும் கழிப்பறை கட்டாயம். குப்பையும் உங்களோடுதான் திரும்ப வேண்டும். செருப்பில்லாமல் இறங்காதீர்கள். பாறைகளில் ஒட்டிய குவாகா சிப்பிகளின் செத்த ஓடுகள் பிளேடுபோலக் கிழிக்கும். அந்தச் சிப்பி வேறு ஏரிக்குப் பரவாமலிருக்க, கிளம்பும்போது படகைக் கழுவி, வடித்து, காயவிட வேண்டும். ஜூலை, ஆகஸ்டில் வறண்ட ஓடைத்தடத்தில் படுக்காதீர்கள். தலைக்குமேல் வானம் தெளிவாக இருந்தாலும், எங்கோ பெய்த மழை திடீர் வெள்ளமாக வந்துவிடும். வெயில் தணிந்தும் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும் செப்டம்பரே நல்ல மாதம்.

படுக்கப் போகுமுன் ஒரு காரியம் செய்யுங்கள். தண்ணீரின் விளிம்பில், சரியாக மணல் நனையும் இடத்தில், ஒரு குச்சியை ஊன்றிவிடுங்கள். இரண்டு மூன்று நாள் அதே கரையில் தங்குங்கள். மே, ஜூனில் ராக்கி மலைப் பனி உருகி வரும் காலமானால் குச்சியின் கால் தண்ணீருக்குள் போயிருக்கும். கட்டிய கயிற்றைச் சரிபார்க்க வேண்டும். செப்டம்பரானால் குச்சி காய்ந்த மணலில் தனியாக நிற்கும். படகும் கொஞ்சம் தரைதட்டியிருக்கும், தள்ளிவிட வேண்டும். தள்ளி முடித்து நிமிரும்போது எதிர்ச்சுவரில் அந்த வெள்ளைப் பட்டை தெரியும். உங்கள் குச்சி அளந்ததையே அதுவும் அளந்துகொண்டிருக்கிறது.