அறுபட்ட நேரத்துக்கு யார் கூலி தருவார்?

தக்கலையைச் சுற்றியுள்ள ஊர்களில் ஓணத்துக்கும் பொங்கலுக்கும் கிளப்புகள் நடத்தும் கபடிப் போட்டிகளைச் சிறுவயதிலிருந்தே பார்த்து வருகிறேன். மூங்கில் நட்டுக் கட்டிய டியூப்லைட்டுகள், காது கிழிக்கும் மைக்செட், ரப்பர் மரங்களுக்கடியில் சாய்த்து நிறுத்திய பைக்குகள். பெண்கள் ஆட்டம் இருந்தால் அது இருட்டுவதற்குள் முடிந்துவிட வேண்டும். ‘பெண்பிள்ளைகள் வீட்டுக்குப் போக வேண்டுமே’ என்று மைக்கில் அக்கறையோடு அறிவிப்பார்கள். ஆண்களின் இறுதி ஆட்டம் விடியும்வரை போகும். வீடு திரும்பும் நேரம் பற்றி அவர்களிடம் யாரும் கேட்டு நான் கண்டதில்லை. ஆடுகளத்தின் அளவிலும் விதிப்படியே வேறுபாடு உண்டு: ஆண்களுக்கு 13க்கு 10 மீட்டர், பெண்களுக்கு 12க்கு 8. எனக்கு அந்த இரண்டு மீட்டரைவிடப் பெரிதாகத் தெரிவது மைக் அறிவிப்பில் இருக்கும் மணிக்கணக்குதான்.

2025 தீபாவளிக்கு மாரி செல்வராஜின் ‘பைசன்’ வந்தபோது என் பழைய மாணவி ஒருத்தியுடன் போய்ப் பார்த்தேன். கல்லூரி நாட்களில் அவள் இடது கார்னர். கணுக்காலைப் பிடித்தாள் என்றால் விடமாட்டாள். இப்போது ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். படம் முடிந்து வெளியே வந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி: “அந்த வீட்டுல சோறு பொங்குனது யாரு மேடம்?”

தூத்துக்குடி மாவட்டம் மணத்தியைச் சேர்ந்த கணேசனின் வாழ்க்கையிலிருந்து எழுந்த படம் அது. 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடி, மறு ஆண்டுக்கான அர்ஜுனா விருதைப் பெற்றவர் அவர். சாதிப்பகை ஊரையே இரண்டாகப் பிளந்து வைத்திருக்கும்போது ஒரு பையன் கோட்டைத் தாண்டிப் பாடிப் போவது என்பது வெறும் ஆட்டமல்ல என்பதைப் படம் உடல்நோகச் சொல்கிறது. மகன் ஆடப்போனால் பிணமாகத்தான் வருவான் என்று நடுங்கும் தகப்பனாகப் பசுபதி நடித்திருப்பதை என்னால் எளிதில் மறக்க முடியாது. நல்ல படம். அதனால்தான் இந்தக் கேள்வியை அதனிடம் கேட்கத் தோன்றுகிறது. மோசமான படத்திடம் என்ன கேட்பது?

கிட்டானின் அக்கா ராஜியாக ரஜிஷா விஜயனும், அவனைக் காதலிக்கும் ராணியாக அனுபமா பரமேஸ்வரனும் வருகிறார்கள். இருவருமே உறுதியான பெண்கள், சொந்தக் குரலில் பேசுபவர்கள். ஆனால் அவர்கள் பேசுவதெல்லாம் அவன் ஆட்டத்தைப் பற்றி. அவன் மைதானத்தில் செலவிடும் ஒவ்வொரு மணிநேரத்தையும் வீட்டில் யாரோ ஈடுகட்டுகிறார்கள். அந்த யாரோவின் கையில் என்ன வேலை அறுந்தது என்பது படத்தின் கணக்கில் வரவில்லை. சாதி தின்ற நேரத்தைக் கணக்கெடுக்கத் தெரிந்த படைப்பாளி என்பதால், வீடு தின்ற நேரத்தையும் அவரிடம் எதிர்பார்த்தேன்.

கொஞ்சம் விலகி, உலகத்தின் இன்னொரு மூலைக்குப் போய்வருகிறேன். ரக்பி லீக் என்ற ஆட்டம் பிறந்ததே கூலித் தகராறில்தான். இங்கிலாந்தின் வடபகுதியில் நிலக்கரிச் சுரங்கத்திலும் நெசவாலையிலும் வேலை பார்த்தவர்கள் ரக்பி ஆடினார்கள். சனிக்கிழமை ஆட்டத்துக்குப் போனால் அன்றைய கூலி போய்விடும். அதை ஈடுகட்டும் தொகையை ‘அறுபட்ட நேரத்துக்கான’ பணம் என்ற பொருளில் அழைத்தார்கள். காசுக்கு ஆடுவது இழிவு என்றார்கள் தெற்கின் கனவான்கள். கூலியை நம்பி வாழாதவர்களுக்கு அப்படிச் சொல்வது எளிது. 1895இல் ஹடர்ஸ்ஃபீல்டில் ஒரு விடுதியில் கூடி வடக்கத்திக் கிளப்புகள் பிரிந்து போயின. தொழில்முறை ஆட்டக்காரர் என்ற சொல்லை நாம் பளபளப்பான ஒன்றாக நினைக்கிறோம். அதன் அடியில் கிடப்பது ஒருநாள் கூலி. உன் நேரத்துக்கு இன்னொருவர் பணம் தரச் சம்மதிக்கும்போதுதான் ஆட்டம் ஒரு வாழ்க்கையாகிறது.

அந்த ஆட்டத்திலும் பெண்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. ஆஸ்திரேலியாவில் ஆண்களின் ரக்பி லீக் போட்டி 1908இல் தொடங்கியது. பெண்களுக்கான தேசிய லீக் 2018இல், நான்கே அணிகளோடு வந்தது. இடையில் 110 ஆண்டுகள்.

இந்தக் கண்ணோடு நம் கபடிப் படங்களைத் திரும்பிப் பார்க்கிறேன். ‘கில்லி’யில் கபடி நாயகனின் வீரத்துக்கு ஒரு சான்றிதழ். தனலட்சுமி வந்து நின்றால்தான் அவனுக்கு மூச்சு வருகிறது. ‘வெண்ணிலா கபடி குழு’ என் மனதுக்கு நெருக்கமானது. கூலிவேலைக்காரப் பையன்களின் ஆசையை அவ்வளவு பொய்யில்லாமல் சொன்ன படங்கள் குறைவு. அதை எடுத்த சுசீந்திரனே 2019இல் பெண்கள் கபடியை வைத்து ‘கென்னடி கிளப்’ எடுத்தார். அசலான கபடி வீராங்கனைகளையே நடிக்க வைத்தார். எத்தனை பெரிய வாய்ப்பு! அந்தப் பெண்கள் பிடிக்கும் பிடியில் நடிப்பில்லை, தோளும் முழங்காலும் தாமாகவே பேசுகின்றன. ஆனால் கதை பாரதிராஜாவும் சசிகுமாரும் ஏற்ற இரண்டு பயிற்சியாளர்களுடையது. தேர்வாளரின் லஞ்சத்தை எதிர்த்து ஆண்கள் மோதிக்கொள்கிறார்கள், பெண்கள் அந்த மோதலுக்கான காரணமாக நிற்கிறார்கள். அதே ஆண்டு வந்த ‘பிகில்’ காற்பந்தில் செய்ததும் இதுதான், இன்னும் அதிகச் சத்தத்தோடு. பெண் ஆடும் படமென்றால் ஓர் ஆண் அவளை மீட்க வேண்டும் என்பது எழுதாத விதியாகிவிட்டது. ஆண் ஆடும் படத்தில் அவனுக்குச் சோறு போட்டவளை மீட்க யாரும் வருவதில்லை.

திரைக்கு வெளியே மட்டும் என்ன? ஆசிய விளையாட்டில் ஆண்கள் கபடி 1990இல் நுழைந்தது, பெண்கள் கபடி 2010இல். அதன்பிறகு பெண்கள் வென்றவை குறைவில்லை. 2023இல் ஹாங்சோவில் இந்தியாவின் நூறாவது பதக்கமே அவர்கள் சீன தைபேயை 26–25 என்று வென்று கொண்டுவந்த தங்கம்தான். ஆனால் தங்கம் சோறு போடாது. சோறு போடுவது லீக். புரோ கபடி 2014இல் ஆண்களுக்குத் தொடங்கியது. 2016இல் அதன் ஓரத்தில் மூன்று அணிகளை வைத்து ‘மகளிர் கபடி சேலஞ்ச்’ என்று ஒன்றை நடத்திப் பார்த்தார்கள். மறு ஆண்டு அது இல்லை. அதே மறு ஆண்டில்தான் ‘தமிழ் தலைவாஸ்’ என்ற ஆண்கள் அணி வந்தது.

2022இல் அந்த அணி பவன் செராவத்தை 2.26 கோடி ரூபாய்க்கு ஏலத்தில் எடுத்தது. முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு அந்த சீசன் முழுக்க அவர் வெளியே இருந்தார். அடுத்த ஏலத்தில் இன்னோர் அணி 2.6 கோடிக்கு மேல் கொடுத்து அவரை எடுத்தது. ஹாங்சோவில் தங்கம் வென்ற ஆண்கள் அணிக்கு அவரே தலைவர். நல்ல ஆட்டக்காரர், எனக்கும் பிடிக்கும். நான் பார்ப்பது அந்த முழங்காலை. முறிந்து மறுபடி எழ அதற்கு ஒரு வருடம் கிடைத்தது, அந்த வருடத்துக்கு ஒரு மதிப்பு இருந்தது.

என் மாணவிக்கும் முழங்காலில்தான் அடி. இறுதியாண்டு, ஒரு ரைடரை மடக்கும்போது விழுந்தாள். ஊர் ஆசானிடம் கொண்டுபோய் எண்ணெய் போட்டுக் கட்டினார்கள். ஸ்கேன் எடுக்கச் சொன்னதற்கு, கல்யாணத்துக்குச் சேர்த்த பணத்தைத் தொட முடியாது என்று அவள் அம்மை சொன்னாராம். அம்மையைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. முந்திரி ஆபீஸில் நாள் முழுக்கப் பருப்பு உடைத்த கை அது. அறுபட்ட நேரம் என்றால் என்னவென்று அந்தக் கைக்கு நன்றாகத் தெரியும்.

இதுவரை எழுதியதில் நான் வெளியே நின்று பேசியிருக்கிறேன். அது முழு உண்மையல்ல. அவள் மாவட்ட அணிக்கும் பல்கலைக்கழக அணிக்கும் ஆடப்போன நாட்களில், வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே ‘ஆ’ போட்டது நான். ‘ஆப்சென்ட்’ என்பதன் ‘ஆ’. சங்க இலக்கிய வகுப்பு. செவ்விலக்கியத்தில் பெண்களின் வெளி என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, வெளியே போன பெண்ணுக்கு அதே கையால் ‘ஆ’ போட்டிருக்கிறேன். விளையாட்டுத் துறையிலிருந்து கடிதம் வரவேண்டும், வராவிட்டால் விதிப்படி ஒன்றும் செய்ய முடியாது என்று அவளிடம் சொன்னேன். கடிதம் தாமதமாக வந்தது. வருகைக் குறைவுக்கு அபராதம் கட்டித்தான் தேர்வு எழுதினாள். ஆடிய நாட்களுக்குக் கூலி கிடைக்காதது போக, அவள் கைக்காசும் போனது.

தொழில்முறை வாய்ப்பு இல்லாதபோது நம் பெண்களுக்கு மிஞ்சுவது ரயில்வே, காவல்துறை என்று விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைகள். அவையும் தேசிய அளவில் சான்றிதழ் இருந்தால்தான். தமிழ்நாட்டின் கவிதா செல்வராஜுக்கு 2023க்கான தியான் சந்த் விருது, வாழ்நாள் சாதனைக்காகக் கிடைத்தது. ஒரு பெண் வாழ்நாள் முழுக்கக் கபடியில் நிற்க முடிந்திருக்கிறது என்பதே எனக்குச் செய்தியாகப் பட்டது. அவர் எப்படி நின்றார், யார் அவர் நேரத்தைத் தாங்கினார்கள் என்பதை வைத்து ஒரு படம் வந்தால் முதல் நாளே போவேன்.

‘பைசன்’ ஓடிக்கொண்டிருந்த நாட்களில்தான் பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டில் பெண்கள் கபடிக்குத் தங்கம் கிடைத்தது. அணியின் துணைத்தலைவி கண்ணகி நகர் கார்த்திகா. சென்னையிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட மக்களுக்காக ஊருக்கு வெளியே கட்டப்பட்ட குடியிருப்பு அது. அரசு அவருக்கு 25 லட்சம் ரூபாய் அறிவித்தது. செய்தியை அனுப்பியவள் என் மாணவிதான். அன்றிரவு போனில் பேசினோம். ஆட்டத்தைக் கடையில் பில் போடும் இடைவெளியில் துண்டு துண்டாகப் பார்த்திருக்கிறாள். கார்னரில் யார் நின்றார்கள், எந்தப் பிடி நழுவியது என்று வெகுநேரம் சொன்னாள். இடையில் நிறுத்தி, “25 லட்சம் நல்லதுதான் மேடம். படிக்கிற எடத்துல அந்தப் பிள்ளைக்கு அட்டென்டன்ஸ் குடுப்பாவளா?” என்றாள்.

தெரியவில்லை என்றேன். அவள் சிரித்துவிட்டு, மறுபடி அந்த நழுவிய பிடிக்கே போனாள்.