சொகுசுக் கார்களும் கலால் வரியின் சாமர்த்தியமும்

விலையுயர்ந்த கார்களைச் சிறு எண்ணிக்கையில், பல வகைகளாக, ஒரே ஆலையில் கட்டி முடிப்பதுதான் மலேசியத் தொழில்துறையின் தனிச்சிறப்பென்றும், உற்பத்தியில் நெகிழ்வையும் செலவில் கட்டுப்பாட்டையும் ஒருசேரக் காண விரும்புகிறவர்கள் ஷா ஆலாமிலுள்ள வோல்வோ ஆலைக்குப் போய்ப் பார்க்கவேண்டுமென்றும் வாதாடுவது நம்மிடையே ஒரு நாகரிகமாகவே பரவிவிட்டது. 1967 முதல் இயங்கிவரும் அவ்வாலை, பெட்ரோலும் மின்சாரமும் கலந்தோடும் கார்களோடு 2022 முதல் முழு மின்சாரக் காரையும் பொருத்தித் தருகிறது என்பதையும், அவற்றுள் சில தாய்லாந்து முதலிய அண்டை நாடுகளுக்குப் போகின்றன என்பதையும், அங்கு உழைப்பவர்களின் கைத்திறனையும் யாரும் மறுப்பதற்கில்லை.

ஆனால் அந்த நெகிழ்வு யாருடைய சொத்து? பல மாதிரிகள் ஒரே அடித்தளத்தைப் பகிர்ந்துகொள்ளுமாறு வகுத்த மூளை சுவீடனின் கோத்தன்பர்க்கில் இருக்கிறது. பிரித்த பாகங்களாக, சி.கே.டி. என்ற பெயரில், பெட்டிகளில் வந்திறங்குவது அந்த மூளையின் விளைபொருள் மட்டுமே. அளந்து கட்டி அனுப்பிய சாமானை அடுப்பிலேற்றி இறக்குகிறவரைச் சமையல் சாஸ்திரத்தில் கரைகண்டவர் என்று புகழ்வாருண்டோ?

செலவுக் கட்டுப்பாடு என்று சொல்லப்படுவது இன்னும் விசித்திரமானது. கார்களுக்கு 60 முதல் 105 சதவிகிதம் வரை கலால் வரி விதிக்கும் நாட்டில், அவ்வரியில் ஒரு பகுதி விடப்பட்டாலே விலை சரிந்துவிடும். 2014-ஆம் ஆண்டு வாகனக் கொள்கை எரிசக்திச் சிக்கனமுள்ள வண்டிகளுக்குச் சலுகை அறிவித்ததும், சில ஆண்டுகளுக்குள்ளாகவே பெக்கானில் மெர்சிடிஸும், கூலிமில் பி.எம்.டபிள்யூவும், ஷா ஆலாமில் வோல்வோவும் செருகி மின்னேற்றும் கலப்பினக் கார்களை வரிசையாகப் பொருத்தத் தொடங்கின. ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கும் மூன்று நிறுவனங்களுக்கும் ஏறக்குறைய ஒரே காலத்தில் ஒரே ஞானோதயம் பிறந்ததென்று நம்பச் சொன்னால், என்னால் இயலாது. இன்று உள்நாட்டில் பொருத்தும் முழு மின்சாரக் கார்களுக்கு 2027 இறுதிவரை வரிவிலக்கு. மின்சாரக் கார்கள்மீது திடீரென்று பிறந்துள்ள சிரத்தைக்கும் காரணத்தை வெகுதூரம் தேடவேண்டியதில்லை. வீணாகும் நேரத்தையும் தேங்கும் சரக்கையும் குறைப்பது செலவுக் கட்டுப்பாடு. கஜானா வரவேண்டியதை விட்டுக்கொடுப்பதால் வாங்குகிறவர் குறைவாகக் கொடுப்பது வேறு சங்கதி.

உள்நாட்டுப் பாகங்களுக்குத் தக்கபடி கலால் கழிவு உண்டென்று பதில் வரும். உண்டு. வரி எத்தகைய வேலையைக் கேட்கிறது என்பதே கேள்வி. இந்தியாவில் சென்னைக்கு அருகே 2007-இல் தொடங்கிய பி.எம்.டபிள்யூ ஆலையும் பொருத்துமிடமாகவே பிறந்ததுதான். ஆனால் இணைத்து முடித்த எஞ்சினோடு வரும் தொகுப்புக்கு இந்தியா 2011-இல் கூடுதல் வரி விதித்தது. பின்னர் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்ற இந்திய நிறுவனம் சென்னையிலேயே பி.எம்.டபிள்யூவின் எஞ்சின்களைக் கட்டத் தொடங்கியது. அதுவும் வரியின் சாமர்த்தியமே; எனினும் அந்த வரி கடினமான வேலையைக் கேட்டது. நமது மின்சாரக் கார் விலக்கோ, பொருத்துகிற இடத்தின் விலாசத்தைக் கேட்டே பெரும்பாலும் திருப்தியடைந்துவிடுகிறது.

வோல்வோவின் சரித்திரத்திலேயே உண்மையான நெகிழ்வுக்கு ஓர் அத்தியாயம் உண்டு. 1980-களின் இறுதியில் சுவீடனின் உத்தேவல்லாவில் திறந்த ஆலையில், ஓடும் வரிசையை ஒழித்து, ஒரு சிறு குழுவே முழுக் காரையும் நின்ற இடத்தில் கட்டி முடித்தது. மாதிரி மாறினால் அம்மாற்றத்தை முதலில் ஏற்றது தொழிலாளியின் அறிவு. விற்பனை சரிந்தபோது, 1993-இல், நிர்வாகம் முதலில் மூடியவற்றுள் அவ்வாலையும் ஒன்று. தாய்நாட்டிலேயே அந்த அறிவுக்குக் கிடைத்த மதிப்பு அவ்வளவென்றால், பெட்டியைப் பிரிக்கும் கைகளுக்கு ஷா ஆலாமில் என்ன உத்தரவாதம்?

ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டபின் செமினி, காஜாங் வட்டாரத்து நம் பிள்ளைகள் பலர் ஆலைகளை நம்பியே வாழ்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது, ஆலை போனாலும் கூடவே போகாத தொழிலறிவு. ஆகவே ஷா ஆலாமைப் புகழ்கிறவர்கள், அங்கேயே வரைந்து, அங்கேயே சோதித்து, கோத்தன்பர்க் ஏற்றுக்கொண்ட ஒரே ஒரு பாகத்தைப் பெயர் சொல்லிக் காட்டட்டும். அப்படி ஒன்றிருந்தால், வரிச்சலுகைக்கு முன்னால் அதைத்தானே பேசியிருப்பார்கள்?