நர்த்தகனும் காமிராவும்

ஆடுகிறவனைப் படம் பிடிப்பது ஒன்று. படத்துக்கென்றே ஆட வைப்பது வேறொன்று. ஹாலிவுட்டில் பிரெட் அஸ்டேர், ஆடும்போது தலையிலிருந்து கால்வரை தம் உடம்பு முழுதும் தெரியவேண்டும், அநாவசியமாகக் காட்சியை வெட்டக்கூடாது என்று பிடிவாதமாக இருந்தார். அது நாணயமான பிடிவாதந்தான். ஆனால் அங்கே காமிரா நல்ல இடம் கிடைத்த ரசிகன், அதற்குமேல் ஒன்றுமில்லை.

மாயா டெரன் என்ற அமெரிக்கப் பெண்மணி 1945-ல் ஒரு சின்னப் படம் எடுத்தார். காமிராவுக்கென்று ஒரு நடனப் பயிற்சி என்று பொருள்படும் தலைப்பு. மூன்று நாலு நிமிஷந்தான், பேச்சில்லை, சங்கீதமில்லை. ஆடுகிறவர் டாலி பீட்டி என்ற நீக்ரோ வாலிபர், காதரின் டன்ஹாம் குழுவில் தேர்ந்தவர். காட்டில் தூக்கிய காலை ஓர் அறைக்குள் இறக்குகிறார். காமிரா ஒரே சீராகத் திரும்பிக்கொண்டு போகிறது. போகும் வழியெல்லாம் அவரே நிற்கிறார். கடைசியில் ஒரு தாவல். எழும்புவது, மிதப்பது, இறங்குவது என்று தனித்தனியே எடுத்து ஒட்டியது. எந்த மனிதனும் அவ்வளவு நேரம் அந்தரத்தில் இருக்க முடியாது.

"அப்படியானால் தாவியது கத்தரிக்கோல்தானே?" என்று கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்விதான். ஆனால் துண்டுகள் ஒட்டவேண்டுமானால், ஒவ்வொன்றிலும் உடம்பு அதே விறைப்போடு, அதே போக்கில் இருக்கவேண்டும். ஆரம்பமும் முடிவும் இல்லாத ஒரு நடுப்பகுதியை, முழுத் தாவலையும் மனத்தில் வைத்துக்கொண்டு கொடுப்பது லேசான வித்தையல்ல. ஓரிடத்தில் தளர்ந்திருந்தால் கத்தரிக்கோல் காப்பாற்றியிராது.

எல்லா இடத்திலும் இந்தக் கூட்டு சரியாக அமைந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். பல முகங்கள் கொண்ட ஒரு சிலைக்கு முன்னால் பீட்டி சுழல்கிறார். மெதுவாகத் தொடங்கிய சுழற்சி, யந்திரத்தின் வேகத்தால் மங்கலான பம்பரமாகிவிடுகிறது. அழகுதான், ஆனால் பம்பரத்துக்கு முகமேது? அங்கே காமிரா துணையாக ஆடவில்லை, ஆட்டி வைக்கிறது. தாவலிலோ இருவரும் ஒருவரையொருவர் தாங்குகிறார்கள்.

படத்தின் முகப்பில் டெரன், பீட்டி இருவர் பெயரும் சேர்ந்தே வருகின்றன. அதை வெறும் மரியாதை என்று நான் நினைக்கவில்லை. அந்தத் தாவலில் யாருடைய பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. முடிகிற இடத்தில் கலை சற்றுக் குறைந்திருக்கிறது என்றே அர்த்தம்.