மெல்லிசை வானொலியும் அதன் இசைக்கோவையும்

பல பாடல்களை ஒருங்கு தொகுப்போனுக்குக் கடமைகள் இரண்டு. நல்லவற்றைத் தெரிந்தெடுத்தல் ஒன்று. தெரிந்தெடுத்தவற்றை எம்முறையில் நிறுத்துவதெனத் துணிதல் மற்றொன்று. பின்னையதன் அருமையைத் தமிழர் பண்டே அறிந்திருந்தனர். அகநானூற்றிலே ஒற்றைப்பட்ட எண்களிற் பாலைப் பாட்டுக்களும், இரண்டிலும் எட்டிலும் முடியும் எண்களிற் குறிஞ்சியும், நான்கில் முடிவனவற்றில் முல்லையும், ஆறில் முடிவனவற்றில் மருதமும், பத்துப் பத்தாக வருவனவற்றில் நெய்தலும் அமைந்துள்ளன. பாட்டின் எண்ணைக் கண்ட அளவிலேயே அதன் திணை இன்னதென்று கற்போன் அறிந்துகொள்கின்றான். அன்றியும், அடுத்தடுத்து நிற்கும் இரு பாட்டுக்கள் ஒரு திணையினவாக அமைவதில்லை. பிரிவின் வெம்மையைக் கூறும் பாலையை அடுத்துக் குறிஞ்சியின் தண்மையோ முல்லையின் பொறுமையோ வந்து நிற்க, ஒன்றன் நிறம் மற்றொன்றால் விளக்கமுறுகின்றது. பொருளின் வேறுபாட்டைக் காட்டுவதற்கென அமைந்த அடுக்குமுறை அது.

இருபதாம் நூற்றாண்டிலே இக்கடமை வானொலி நிலையங்களுக்கும் வந்து வாய்த்தது. நாள் முழுவதும் இசைத்தட்டுக்களை ஒலிபரப்பும் நிலையமொன்று எதன்பின் எதனை வைப்பது என்னும் வினாவிற்கு ஒவ்வொரு மூன்று நிமிடத்திற்கும் விடை கூறவேண்டியதாயிற்று. அவ்வினாவிற்கு மிகுந்த நுட்பத்தோடு விடை கண்டவை அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ‘ஈசி லிசினிங்’ என்றும் ‘பியூட்டிபுல் மியூசிக்’ என்றும் வழங்கிய மெல்லிசை நிலையங்களாகும். அவை பாடல்களைக் கோத்த முறை எத்தகையது, அதனாற் செவி பெற்றதும் இழந்ததும் யாவை என்பன ஆராயத்தக்கன.

இந்நிலையங்களின் எழுச்சிக்குக் கலைச்சுவை மாத்திரம் காரணமன்று. 1959 ஆம் ஆண்டில் கோர்டன் மக்லென்டன் என்பார் சான் பிரான்சிஸ்கோப் பகுதியிலே கே.ஏ.பி.எல். என்னும் நிலையத்தை இம்முறையில் நடத்தத் தொடங்கினார். 1961 ஆம் ஆண்டில் எப்.எம். அலைவரிசையில் ஸ்டீரியோ ஒலிபரப்புக்கு அரசின் அனுமதி கிடைத்தது. இரைச்சலற்ற அவ்வலைவரிசை, வயலின்கள் பல ஒருங்கிசைக்கும் வாத்தியக் குழுக்களுக்கு மிகவும் ஏற்றதாயிருந்தது. 1963 இற் பிலடெல்பியாவில் டபிள்யூ.டி.வி.ஆர். நிலையம் தோன்றி விரைவிற் பெருந்தொகையான நேயர்களைத் தேடிக்கொண்டது. ஒரே உரிமையாளர் தமது ஏ.எம். நிலையத்தின் நிகழ்ச்சிகளையே எப்.எம். நிலையத்திலும் முழுவதும் ஒலிபரப்புதலைப் பெருநகரங்களிற் கட்டுப்படுத்தும் விதி 1964 இல் இயற்றப்பட்டது. அதனால், குறைந்த செலவில் நாள் முழுதும் நிரப்பத்தக்க நிகழ்ச்சியொன்று பலருக்கு வேண்டியதாயிற்று. மெல்லிசை அவ்விடத்தை நிரப்பியது.

அதற்கு வேண்டிய இசையும் அப்பொழுது குறைவின்றிக் கிடைத்தது. வெனிசு நகரிற் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த மன்டொவானியின் குழு 1951 இல் ‘ஷார்மேன்’ என்னும் இசைத்தட்டினாற் புகழ்பெற்றது. வயலின் ஒலிகள் அருவிபோல ஒன்றன்மேலொன்று வழிந்து விழும் அதன் அமைப்பை வகுத்தவர் ரொனால்ட் பின்ஜ். கனடாவிற் பிறந்த பேர்சி பெய்த் வெளியிட்ட ‘எ சமர் பிளேஸ்’ திரைப்பட இசை 1960 இல் அமெரிக்க விற்பனை வரிசையிலே ஒன்பது வாரம் முதலிடத்தில் நின்றது. பிரெஞ்சு நாட்டுப் போல் மொரியாவின் ‘லவ் இஸ் புளூ’ 1968 இல் அவ்விடத்தை ஐந்து வாரம் வகித்தது. சொல்லில்லாத வாத்திய இசை பொதுமக்கள் விரும்பி விலைகொடுத்து வாங்கும் பொருளாக இருந்த காலம் அது.

ஆயினும், தனி இசைத்தட்டினை விரும்பி வாங்குதல் வேறு. அதனை ஒரு கோவையின் உறுப்பாகக் கேட்டல் வேறு. கோவையின் இலக்கணம் வேறோரிடத்திலிருந்து வந்தது. ஜோர்ஜ் ஓவன் ஸ்குவையர் என்னும் அமெரிக்கப் படைத்தளபதி, கம்பிவழியாக இசையை அனுப்பும் முறையைத் தொழிலாக்கினார். 1934 இல் அத்தொழில் ‘மியூசாக்’ எனப் பெயர் பெற்றது. பின்னர், தொழிற்சாலைகளிலும் அலுவலகங்களிலும் உழைப்போரின் சோர்வைப் போக்குதற்பொருட்டு, ஒவ்வோர் இசைத்தட்டுக்கும் எழுச்சியளவு ஒன்று குறிக்கப்பட்டது. மெதுவானதில் தொடங்கி விறுவிறுப்பானதில் முடியுமாறு கால்மணி நேரக் கோவைகள் அமைக்கப்பட்டன. அதன்பின் கால்மணி நேரம் மௌனம் விடப்பட்டது. இங்கே பாடல் கேட்டற்குரிய பொருளன்று; கேட்போனிடம் ஒரு விளைவை உண்டாக்கும் கருவி. மெல்லிசை வானொலி இவ்வெழுச்சிப் படியை அப்படியே ஏற்கவில்லை. எனினும், பாடலை அதன் பொருளாலன்றி விளைவால் அளக்கும் நோக்கு இரண்டிற்கும் பொதுவாயிற்று.

வானொலிக் கோவையும் கால்மணியையே அலகாகக் கொண்டது. அமெரிக்காவிலே நேயர்தொகையை அளப்போர், கால்மணி நேரத்தில் ஐந்து நிமிடம் கேட்டவரை அக்கால்மணிக்குரிய நேயராக எண்ணினர். ஆகவே, கேட்போர் நிலையத்தை மாற்றாமலிருப்பதே வெற்றியாயிற்று. மூன்று நான்கு வாத்திய இசைகள் இடையீடின்றி வரும்; இடையிலே குழுவாகவோ தனியாகவோ பாடும் மென்குரலொன்று அளவாகச் சேர்க்கப்படும்; விளம்பரங்கள் ஓரிடத்தில் ஒதுக்கப்படும்; அறிவிப்பாளர் தாழ்ந்த குரலிற் சில சொற்கள் கூறி மறைவார். ஒன்றன் முடிவும் அடுத்ததன் தொடக்கமும் வேகத்திலும் உணர்விலும் பொருந்துமாறு தெரிவு நிகழும். 1970களில் ஜிம் ஷுல்கி நடத்திய நிறுவனமும், மார்லின் டெய்லர் முன்னின்று நடத்திய பொன்வில் நிறுவனமும் இவ்வாறு கோத்த நாடாக்களைப் பல நகரங்களுக்கு அனுப்பின. நாடாவிலே பதிந்திருந்த 25 ஹேர்ட்ஸ் அளவான தாழ்ந்த ஒலி, பொறியை இயக்கி அடுத்த நாடாவைத் தொடங்கும். கேட்போர் செவிக்கு அது புலனாவதில்லை. நிலையத்தில் ஆளில்லாதபோதும் கோவை அறாது ஓடியது.

இம்முயற்சியை இழிந்ததென்று ஒரு சொல்லால் ஒதுக்குதல் நடுவுநிலைமையாகாது. வாத்தியக் குழுவினர் தேர்ந்த கலைஞர். ஒலிப்பதிவு மிகத் தூயது. தொகுப்போர் ஓர் இசைத்தட்டினைச் சேர்க்குமுன் பன்முறை செவிமடுத்தனர். நோயிற் கிடப்போனுக்கும், இரவிலே நெடுவழி வண்டி செலுத்துவோனுக்கும், தனிமையில் முதுமையைக் கழிப்போனுக்கும் அவ்வொலி துணையாயிருந்தது. எல்லாப் பொழுதும் எல்லாரும் செவியைக் கூர்மையாக வைத்திருத்தல் இயலாது. தாலாட்டைக் கேட்ட குழந்தை உறங்கிவிட்டதென்று தாலாட்டைப் பழிப்பாருமிலர். ஆதலின், இசை மென்மையானது என்பதோ, பின்னணியாக ஒலிப்பது என்பதோ குற்றமாகாது. குற்றம் வேறிடத்தில் உண்டு.

அதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். பீட்டில்ஸ் குழுவினரின் ‘யெஸ்டர்டே’ 1965 இல் வெளிவந்தது. பிரிந்துபோன ஒருத்தியை எண்ணி நேற்றைய பொழுதுக்கு ஏங்கும் ஒருவனின் பாட்டு அது. போல் மக்கார்ட்னியின் தனிக்குரலும் ஒரு கிற்றாரும் நான்கு நரம்பு வாத்தியங்களுமே அதன் ஒலிகள். நான்கேயாதலின் ஒவ்வொன்றும் தனித்தனியே செவிப்படுகின்றது. குரலின் தனிமையை அவை மிகுவிக்கின்றன. மெல்லிசைக் குழுக்கள் பல இப்பாட்டினை எடுத்துக்கொண்டன. சொற்கள் நீங்கின, தனிக்குரல் நின்றவிடத்திற் பல வயலின்கள் ஒருமித்து நின்றன. இதன்பின் கோவையிலே இளவேனிற் காதலைக் குறிக்கும் திரைப்பட இசையொன்று வருகின்றது. அதுவும் அதே வயலின்களால், அதே வேகத்தில், அதே தணிந்த ஒலியில் அமைகின்றது. முன்னது பிரிவு, பின்னது கூடல் என்பதைக் கேட்போன் அறிதற்கு வழியில்லை. பாலையும் குறிஞ்சியும் திணைமயக்கமாகவேனும் நிற்கவில்லை; திணையே இல்லாதொழிந்தன.

எனவே, இக்கோவையின் பெருங்குறை தெரிவிலன்று, அடுக்குமுறையிலேயே உள்ளது. அகநானூற்றின் முறை ஒவ்வொரு பாட்டின் வேறுபாட்டையும் காட்டியது. இம்முறை அவ்வேறுபாட்டை மறைத்தது. முன்னதிலே அடுத்துவரும் பாட்டு முன்னையதை நினைவூட்டும். பின்னதிலே முன்னையதை அழித்துவிடும். அரைமணி நேரங் கேட்ட ஒருவனை எதைக் கேட்டாய் என வினவினால், நன்றாயிருந்தது என்பதன்றி ஒரு பாட்டின் பெயரையும் அவனால் உரைத்தல் அரிது. தொகுப்போர் நோக்கிற்கு இது தோல்வியன்று, முழு வெற்றியேயாம்.

பின்னணி இசை வேறு வகையிலும் அமையலாம் என்பதற்குச் சான்றுகள் உள. பிரெஞ்சு இசைவல்லுநரான எரிக் சற்றி 1920 இற் பாரிசு நகரிலே, நாற்காலி மேசைபோல அறையில் இருக்கத்தக்க ‘தளபாட இசை’யை இடைவேளையில் இசைப்பித்து, அவையோரைக் கேளாது உரையாடுமாறு வேண்டினார். கேட்கவேண்டாம் என்று அவர் வெளிப்படையாகவே கூறினார். 1978 இல் பிரையன் ஈனோ ‘விமான நிலையங்களுக்கான இசை’யை வெளியிட்டபோது, புறக்கணிப்போர்க்கு இடையூறாகாததும் உற்றுக்கேட்போர்க்குச் சுவை பயப்பதுமான இசையையே நாடினார். மியூசாக் முறையினின்றும் தம் முறை வேறுபட்டதென அவரே விளக்கியுமுள்ளார். உற்றுக்கேட்போனை ஏமாற்றாத பின்னணியே நேர்மையான பின்னணி. மெல்லிசைக் கோவையோ உற்றுக்கேட்பவனுக்கு ஒன்றுமே வைத்திருக்கவில்லை.

இனி, விரும்பாதவன் பொத்தானைத் திருகி நிறுத்திவிடலாமே எனின், அவ்வுரிமை எங்கும் இருந்ததில்லை. வோஷிங்டன் நகரப் பேருந்துகளிலும் டிராம் வண்டிகளிலும் ஒலிபெருக்கி வைத்து எப்.எம். நிகழ்ச்சிகளை ஒலிபரப்பியமைக்கு எதிராகப் பயணிகள் இருவர் வழக்குத் தொடுத்தனர். அந்நிகழ்ச்சிகளிலே நூற்றுக்கு 90 பங்கு இசை. 1952 இல் ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றத்தின் பெரும்பான்மையினர் அது அரசியலமைப்புக்கு மாறானதன்று எனத் தீர்த்தனர். நீதிபதி டக்ளஸ், தனித்திருக்கும் உரிமையே சுதந்திரத்தின் தொடக்கம் என்னுங் கருத்தினை முன்வைத்து மறுத்துரைத்தார். நீதிபதி பிராங்பேர்ட்டர், தாமே அவ்வொலியால் மிகவும் வெறுப்புற்றவராதலின் வழக்கினின்றும் விலகிக்கொண்டார். 1969 இல் யுனெஸ்கோவைச் சார்ந்த அனைத்துலக இசை மன்றம், பொதுவிடங்களிற் பதிவிசையைப் பரப்புதலைக் கண்டித்து, மௌனத்திற்கு மனிதனுக்குள்ள உரிமையை வற்புறுத்தியது. இசையை வளர்க்கும் மன்றமே மௌனத்திற்காக வழக்காடியமை சிந்திக்கத்தக்கது. மௌனம் உள்ளவிடத்தன்றோ இசை தோன்றுதல் புலனாகும்?

இந்நிலையங்களின் முடிவும் அவற்றின் இயல்பை நன்கு உணர்த்துகின்றது. 1980களில் அவை ஒன்றன்பின் ஒன்றாக வேறு இசைக்கு மாறின. நேயர் இல்லாமையன்று காரணம். நேயர் முதியராயினமையே காரணம். விளம்பரம் தருவோர் இளையோரையும் நடுவயதினரையும் வேண்டினர். பல்லாண்டு அந்நிலையங்களை நம்பியிருந்த முதியோர் கைவிடப்பட்டனர். கேட்போனை இடையூறின்றி இன்புறுத்தலே நோக்கமென்று கூறிய கோவை, உண்மையிலே கேட்போனை விளம்பரம்வரை இருத்திவைக்கும் கோவையாகவே இருந்ததென்பது அப்பொழுது வெளிப்பட்டது. தன்னை அன்போடு கேட்டவனையும் தற்செயலாகக் கேட்டவனையும் அது ஒரே கால்மணியாகவே எண்ணியிருந்தது.

அந்நிலையங்கள் மறைந்தபோதிலும் முறை மறையவில்லை. படிக்கும்போது கேட்பதற்கு, உறங்கும்போது கேட்பதற்கு என இணையவழி இசைச் சேவைகள் இன்று வழங்கும் கோவைகள், பாடலை அதன் பொருளாலன்றி அதனாற் பெறும் பயனாலேயே வகைப்படுத்துகின்றன. அன்று தொகுப்போன் செய்த தெரிவினை இன்று கணிப்பொறி பெரிதுஞ் செய்கின்றது. மாணவர் பலர் நூலும் கையுமாக இருக்கும் வேளையில் இவ்விசை செவியிலேயே தங்கியிருக்கின்றது. அது கற்றலுக்குத் துணையா தடையா என்பது வேறு ஆராய்ச்சி. இசைக்கு அது யாது செய்கின்றது என்பதே ஈண்டைக்கு வேண்டியது.

வள்ளுவர் கேள்விக்கென ஓர் அதிகாரம் வகுத்துச் செவிக்கும் உணவுண்டு என்றார். உணவாயின் அது மெல்லப்படவேண்டும். சுவை வேறுபாடு அறியப்படவேண்டும். மெல்லாமலே விழுங்கத்தக்கதாக எல்லாவற்றையும் கூழாக்கித் தரும் அடுக்களை நோயாளிக்கு உதவும். நலமுற்றவனுக்கு நாள்தோறும் அதுவே உணவாயின் பல் இருந்தும் பயனில்லை. மெல்லிசை நிலையங்கள் ஓய்வுக்கு உதவின என்பது மறுக்கற்பாலதன்று. ஆனால், நாள் முழுதும் ஓய்வையே தந்து, கேட்டல் என்னும் தொழிலையே அவை செவிக்கு மறக்கச்செய்தன. ஒரு கோவையின் தகுதியை அளத்தற்கு ஒரு வினாவே போதும்: அதிலுள்ள ஒரு பாட்டினை நீக்கினால் அதன் வெற்றிடம் புலப்படுமா? அகநானூற்றில் ஒரு பாட்டுக் குறைந்தால் எண்ணே காட்டிக்கொடுத்துவிடும். மெல்லிசைக் கோவையிலே பத்துக் குறைந்தாலும் கேட்போன் அறியான்.